புதன்கிழமை மன்றாட்டுகள்

எங்கள் கோயிலில் மைக் தூக்குகிறவள் நான். வாசகம் வாசிப்பதும் பீடத்துக்குப் பூ வைப்பதும் பெரிய மனிதர்களின் வேலை. மைக்கைத் தூக்கிக்கொண்டு பெண்கள் பக்கத்துக்கும் ஆண்கள் பக்கத்துக்கும் ஓடுவதற்குக் காலில் பலம் இருந்தால் போதும். ஆனால் கடந்த நான்கு மாதமாகத் தலைமன்னாரில் என்னைப்போல் ஓடிக் களைத்த ஆள் கிடையாது. அதற்குக் காரணம் அன்ரோனெற் அக்காவும் அவருடைய தம்பி சந்தியோகு அண்ணனும்.

இரண்டு பேரும் மூன்று வருடமாகப் பேசுவதில்லை. அண்ணனின் மகள் நிருஷாவுக்கு அவசரமாகக் கலியாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்கு டுபாயில் இரண்டு கிழமைதான் லீவு கிடைத்தது. அண்ணன் ஊர் முழுவதற்கும் கலியாண அட்டையைப் போனில் அனுப்பினார், அக்காவுக்கும் அதையே அனுப்பினார். அக்கா அதைத் திறந்து பார்த்தார், போனை மூடினார், கலியாணத்தன்று வீட்டுக் கதவையும் மூடினார். வீட்டுக்கு வந்து சொல்லாத கலியாணத்துக்கு அவர் எப்படிப் போவார்? அண்ணனின் நியாயம் வேறு. கூடப்பிறந்த அக்கா பெண்ணுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியவர், வந்து சொல்வதற்கு அவர் என்ன விருந்தாளியா? இரண்டு பேர் சொல்வதும் எனக்குச் சரியாகவே பட்டது. அதனால் இரண்டு பேரிடமும் பேச்சு வாங்கினேன்.

ஆனாலும் இருவரில் ஒருவரும் கோயிலை விடவில்லை. புதன்கிழமை மாலைப் பூசைக்கு அக்கா பெண்கள் பக்கத்தில் மூன்றாவது வாங்குப் பலகையில் இருப்பார். அண்ணன் ஆண்கள் பக்கத்தில் ஃபானுக்குக் கீழே இருப்பார். நடுவில் ஆறு அடி இடைவெளி. அக்கா பூசைக்கு வந்தவுடன் முழங்காலில் நின்று சிலுவை போடுவார். போட்டு முடிப்பதற்குள் ஃபான் பக்கம் ஒரு முறை பார்த்துவிடுவார்.

போன வைகாசியில் எங்கள் கோயிலில் பூசை வைக்கப் புதுச் சுவாமி வந்தார். இளம் ஆள், நல்ல ஆள். முதல் கிழமையே பிரசங்கத்தில், "கோயில் எண்டது இந்தக் கட்டடம் இல்லை, நீங்கள்தான் கோயில். எழுதி வைச்ச மன்றாட்டை வாசிக்கிறதை விட்டிட்டு உங்கட மனசில கிடக்கிறதைச் சொல்லுங்கோ, எல்லாரும் சேர்ந்து பதில் சொல்லுவம்" என்றார். எங்கள் மனசில் என்னென்ன கிடக்கிறதென்று பாவம் அவருக்குத் தெரியாது.

முதல் புதன் ஒழுங்காகப் போனது. வலையில் மீன் படவேண்டும், மகள் சோதனையில் பாஸ் பண்ணவேண்டும், அவ்வளவுதான். இரண்டாவது புதன் அன்ரோனெற் அக்கா கையை உயர்த்தினார். மைக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"ஆண்டவரே, கூடப்பிறந்தவளை மறந்து போனில் கலியாணம் சொல்லும் மக்களுக்கு நல்ல புத்தியைத் தந்தருள வேண்டுமென்று உம்மை மன்றாடுகிறோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று கோயில் முழுவதும் பழக்கத்தில் சொல்லிவிட்டது. என்ன சொன்னோம் என்று யோசித்தது அதற்குப் பிறகுதான். அதற்குள் அண்ணனின் கை உயர்ந்துவிட்டது, நான் ஓடினேன்.

"ஆண்டவரே, தம்பியின் மகளுக்குத் தாலி ஏறும் நாளில் வீட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தவர்களின் இதயக் கதவைத் திறந்தருள வேண்டுமென்று உம்மை மன்றாடுகிறோம்."

அதற்கும் அதே பதிலை அதே பக்தியோடு சொன்னோம். நாங்கள் யார் பக்கம் என்று ஆண்டவருக்கே குழம்பியிருக்கும்.

அன்றிலிருந்து புதன் பூசைக்குச் சனம் கூடியது. முப்பது பேர் வந்த இடத்தில் எழுபது பேர் வந்தார்கள். தன்னுடைய பிரசங்கத்துக்குத்தான் வருகிறார்கள் என்று சுவாமி கொஞ்ச நாள் நம்பினார். அந்தச் சந்தோசத்தைக் கெடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

மைக்கோடு பக்கத்தில் நின்றதால் நான் ஒன்றைக் கவனித்தேன். ஒரு கிழமை அண்ணன், கூரைத் தகரம் பறந்து மூன்று நாளாகியும் ஒருவரிடமும் உதவி கேளாத தலைக்கனத்துக்காக மன்றாடினார். அக்கா வீட்டுத் தகரம் பறந்தது சரியாக மூன்று நாளுக்கு முன்புதான். இன்னொரு கிழமை அக்கா, சோளகக் காற்று அடிக்கும்போது பிரஷர் வருத்தத்தோடு கடலுக்குப் போகும் மூளை இல்லாதவர்களுக்காக மன்றாடினார். அண்ணனுக்குப் பிரஷர் இருப்பது எனக்கே அன்றுதான் தெரியும்.

புரட்டாசியில் ஒருநாள் அக்கா என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரித் துண்டுச் சீட்டை மேசையில் வைத்தார்.

"கழுத்தில கட்டி, பிறின்சி. வாற கிழமைக்கு அடுத்த வெள்ளி யாழ்ப்பாணத்தில வெட்டுவினமாம். வியாழக்கிழமையே போய் ஆஸ்பத்திரியில படுக்கோணும்."

"பயப்பிடாதேங்கோ அக்கா. இப்ப இதெல்லாம் சின்ன ஒப்பரேசன்."

"உசிருக்குப் பயமில்லை. குரல் நரம்பு பக்கத்தில போகுதாம். சிலபேருக்குப் போன குரல் திரும்பி வராதாம்."

குரல் இல்லாத அன்ரோனெற் அக்காவை நினைத்துப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு எட்டிப் பார்த்தது, ஆண்டவர் மன்னிக்கவேண்டும். பிறகு அவருடைய முகத்தைப் பார்த்தேன், சிரிப்பு நின்றுவிட்டது. கணவர் இறந்து ஒன்பது வருடம், பிள்ளைகளும் இல்லை.

"நான் கூட வாறன் அக்கா."

"தம்பி உசிரோட இருக்கேக்கை அயலாளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனால் சனம் என்ன சொல்லும்?"

"அப்ப தம்பியைக் கூப்பிடுங்கோ."

"அவன் வந்து கேக்கட்டும்."

"தெரியாமல் அவர் எப்பிடி வந்து கேப்பார்?"

"அது அவன்ர பாடு" என்றார். அதோடு நிற்காமல், அண்ணனிடம் போய்ச் சொல்லமாட்டேன் என்று அந்தோனியார் மேல் என்னிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத எனக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

அடுத்த புதன், அண்ணனின் முருங்கையைத் தின்ற அக்காவின் ஆட்டைப் பற்றி இரண்டு பேரும் மாறி மாறி ஆறு தரம் மன்றாடினார்கள். பூசை முடிந்ததும் சுவாமி என்னைக் கூப்பிட்டார். எழுபது பேர் ஏன் வருகிறார்கள் என்று அவருக்கு விளங்கிவிட்டது.

"நான் சொன்னது ஒண்டு, இஞ்ச நடக்கிறது ஒண்டு. கோயில் என்னத்துக்கு பிறின்சி, சண்டை பிடிக்கவோ? அடுத்த கிழமையில இருந்து எழுதினதை மட்டும் வாசியுங்கோ, காணும்."

"சுவாமி, வேற எங்க போய்ப் பிடிக்கிறது? றோட்டில கண்டால் ஒராள் மற்றப் பக்கம் மாறிப் போறார். இஞ்ச மட்டும்தான் ஒராள் சொல்லுறதை மற்றாள் கடைசி மட்டும் இருந்து கேக்கிறார்."

"கேட்டு என்ன வந்தது?"

"இன்னும் ஒண்டும் வரேல்லைத்தான். ஒரே ஒரு புதன் தாங்கோ சுவாமி."

ஏன் என்று கேட்டார். "அந்தோனியார் மேல சத்தியம், சொல்லேலாது" என்றேன். அதற்கு மேல் கேட்காமல் ஒரு புதன் தந்தார்.

கடைசி வாய்ப்பு என்று ஊருக்குக் கதை பரவிவிட்டது, அந்தப் புதன் கோயிலுக்குள் கால் வைக்க இடமில்லை. அண்ணன்தான் தொடங்கினார். ஆட்டைக் கட்டி வளர்க்கும் பொறுப்புணர்வுக்காக மன்றாடினார். சனம் உற்சாகமாகப் பதில் சொல்லிவிட்டு அக்கா பக்கம் திரும்பியது. நான் மைக்கைக் கொடுத்தபோது அவருடைய விரல் என் கையில் பட்டது. குளிர்ந்துபோய் இருந்தது.

"ஆண்டவரே" என்று தொடங்கினார். வழக்கமாக வரும் செபத் தமிழ் அதற்குப் பிறகு வரவில்லை.

"நாளைக்குக் காலமை யாழ்ப்பாணம் போறன். கழுத்தில ஒப்பரேசன். குரல் வந்தாலும் வருமாம், வராட்டில் இல்லையாம். அதுக்கு முன்னம் ஒண்டு சொல்லோணும். நிருஷான்ர கலியாணத்துக்கு நான் வந்திருக்கோணும். கதவுக்குப் பின்னால நிண்டு கோயில் மணியைக் கேட்டுக்கொண்டு நிண்டனான். எனக்குப் பயமாக் கிடக்கு."

சொல்லிவிட்டு வாங்கில் இருந்துவிட்டார். உம்மை மன்றாடுகிறோம் என்று அவர் முடிக்கவில்லை, அதனால் எப்படிப் பதில் சொல்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. எல்லாரும் வாயைத் திறந்துகொண்டு இருந்தோம்.

அண்ணன் கையை உயர்த்தாமலே எழுந்து நின்றார். அந்த ஆறு அடியைக் கடக்க எனக்கு அன்று கால் ஓடவில்லை, நடந்துதான் போனேன். மைக்கை வாங்கினார். வாய்க்கு மிக அருகில் பிடித்ததில் ஸ்பீக்கர் கரகரத்தது.

"எத்தினை மணிக்கு பஸ்?" என்றார்.

கேட்ட பிறகுதான் நிற்கிற இடம் அவருக்கு நினைவு வந்தது. சுவாமியைப் பார்த்தார், பீடத்தைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார். "எண்டு, ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்" என்று முடித்தார்.

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது கோயில். ஒருவரும் சிரிக்கவில்லை. நான் அதைச் சேர்ந்து சொல்லவில்லை. எல்லாருக்கும் நடுவில் வெட்கமில்லாமல் அழுதுகொண்டு நின்றேன்.

அக்கா எழும்பவும் இல்லை, மைக்குக்குக் காத்திருக்கவும் இல்லை.

"ஐஞ்சேமுக்காலுக்கு" என்றார். "தலையணை ஒண்டு கொண்டு வா. ஆம்பிளையளைப் பொம்பிளையள் வாட்டுக்குள்ள விடாயினமாம். வெளியில படுக்க நல்ல நீட்டு வாங்கு கிடக்காம், போன கிழமையே உனக்கெண்டு விசாரிச்சு வைச்சனான்."