விடைகொடுக்காத உரை

2016ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் ஒன்பதாம் நாள், எங்கள் தீவில் மருந்தில்லாத மருந்தகம் ஒன்று திறந்துவைக்கப்பட்டது. அதைத் திறந்துவைத்த அதிகாரி, கால் அழுகிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைத் தம் கப்பலில் ஏற்றிச்செல்ல மறுத்தார். இவ்விரண்டுமே என் முறையீடு.

அந்தப் பெண் நெய் தகெரா; ‘நெய்’ என்பது எங்கள் மொழியில் பெண்களின் பெயருக்குமுன் வரும் மரியாதைச் சொல். தாழையோலைப் பாய் முடைபவள். பவளக்கல் கீறிய சிறு புண், சர்க்கரை நோயால் கணுக்கால்வரை கறுத்திருந்தது. உடனே தலைநகர் தராவாவுக்குக் கொண்டுசென்றால்தான் பிழைப்பாள் என்று செவிலி மெரியா சொல்லிவிட்டாள். அடுத்த கப்பல் எப்போது வரும் என்பது எவருக்கும் தெரியாது.

திறப்பு விழா முடிந்ததும் ஊர்க்கூடமான மனேயபாவில் விருந்து. அதிகாரி தலையில் மலர்வளையம் சூடி, பன்றிக்கறியும் சுட்ட ஈரப்பலாவும் உண்டுகொண்டிருந்தார். தகெராவைத் தூணருகே கிடத்தியிருந்தார்கள்.

"ஐயா, இவளையும் ஏத்திக்கிட்டுப் போங்க. ஒரு மூலையில பாயப் போட்டுப் படுத்துக்குவா" என்றாள் மெரியா.

"பெரிய ஆஸ்பத்திரியில அனுமதி வாங்கணும்மா. ரேடியோவுல பேசுங்க."

"ரேடியோ போன வருசமே செத்துப்போச்சு. நீங்கதானே திருத்தித் தரணும்?"

"எழுதிக் குடுங்க, பார்க்கலாம்."

"விடு மெரியா," என்றாள் தகெரா. "நான் செத்தப்புறம் அனுமதி வந்துரும். அப்ப என் காலை மட்டுமாவது கொண்டுபோய்க் காட்டு."

கூடம் சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை, கடலைப் பார்த்தார். ஓதம் இறங்கி நீர் வற்றிவிட்டால் படகு பவளத்திட்டைத் தாண்டிக் கப்பலை அடைய முடியாது.

விருந்தளித்தவர்கள் சார்பில் விடையுரை முடியும்வரை விருந்தினர் எழக் கூடாது என்பது மனேயபாவின் முறை. மீறி எழுபவர் ஊரையே அவமதித்தவர். அதிகாரியும் இந்நாட்டவரே, அவருடைய தாய் பக்கத்துத் தீவுக்காரி. விடையுரை ஆற்றும் உரிமை என் குடும்பத்துக்கு உரியது.

நான் எழுந்தேன்.

எங்கள் முன்னோர் ஏறிவந்த தோணிக்குக் கயிறு திரித்த கதையிலிருந்து தொடங்கினேன். நாரை ஊறவைத்து, உலர்த்தி, தொடையில் உருட்டி, முறுக்கி என எச்சங்களை அடுக்கிக்கொண்டே சென்றேன். வினைமுற்றை மட்டும் சொல்லவில்லை.

"ஐயா, தண்ணி வத்துது!" என்று கரையிலிருந்து படகோட்டி கத்தினான்.

"வாத்தியாரே, சுருக்கமா முடிங்க" என்று பள்ளி ஆசிரியனான என்னிடம் சொன்னார் அதிகாரி.

"தோணி இன்னும் கடல்லயே இறங்கல, தம்பி," என்றார் கிழவர் தியோபா. "நீங்க பாதியில எந்திரிச்சா உங்கம்மா ஊர்ல என்ன பேசுவாங்க?"

"இது மிரட்டல்!"

"மிரட்டலா? மரியாதை, தம்பி. உக்காருங்க. இன்னொரு இளநீர் குடிங்க."

பாதி எழுந்தவரைக் கூட்டம் முழுவதும் கைதட்டி அமரவைத்தது. நான் அவரை நேராகப் பார்த்துத் தொடர்ந்தேன்: தோணியில் இடமில்லை என்று சொல்லி நோயுற்றவரைக் கரையில் விட்டுவராத அந்த முன்னோர், காற்றில் அலைந்து, மழைநீரைப் பகிர்ந்து...

"சரி, போதும்! அந்தம்மாவ ஏத்துங்க. அங்க என் தலைதான் உருளப்போகுது."

"உருளட்டும் அண்ணே," என்றாள் தகெரா. "நான் காலையே குடுக்கப்போறேன். நீங்க தலையக் குடுத்தா என்ன?"

இளைஞர்கள் அவளைப் பாயோடு தூக்கி, இடுப்பளவு நீரில் நடந்து, படகில் கிடத்தினார்கள். கூடச் சென்ற மெரியா படகருகிலிருந்து கையசைத்த பிறகே, "கரைசேர்ந்தனர்" என்று சொல்லி அமர்ந்தேன்.

தராவாவில் அவள் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். தகெரா உயிரோடிருக்கிறாள். விருந்தினரைச் சிறைப்பிடித்ததற்கு நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று தலைநகரிலிருந்து ஆள்வழிச் சொல்லியனுப்பினார்கள். கேட்கமாட்டேன்.

வாசகரே, உங்கள் ஊருக்கு வந்து திரும்பும் அரசுப் படகு எதையும் நோயாளியை ஏற்றாமல் புறப்பட விடாதீர்கள். கெஞ்சாதீர்கள்; நிறுத்துங்கள்.