ஒன்பதாவது கொடி

மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ராயா வேலிக்குள் நுழைந்து, கால்களை உதறிக்கொண்டே முன்வரிசையில் இடம் பிடித்தாள். சுற்றிலும் நூறு பேராவது நின்றிருந்தார்கள். எல்லார் கண்ணும் காட்டிலிருந்து இறங்கும் புல்சரிவின் மேல்தான். நெற்றிவிளக்குகள் ஒவ்வொன்றாக மரங்களுக்கு நடுவிலிருந்து வெளிப்பட்டன. ஓடி வருகிறவர் பலகையில் தொங்கும் வரைபடச் சுருள்களில் தன் குழுவுடையதை உருவிக்கொண்டு வந்து அடுத்தவர் கையில் திணிப்பார். வாங்கியவர் அதை விரித்தபடியே இருட்டுக்குள் ஓடுவார். குழுவுக்கு ஏழு பேர். கையில் வரைபடமும் திசைகாட்டியும் மட்டும். காட்டுக்குள் இருக்கும் கொடிகளை வரிசை தவறாமல் தொட்டுவிட்டு வரவேண்டும்.

அவள் கணவன் யோர்மா கிளம்பியது ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது. கிளம்பும் முன் தன் மேல்சட்டையைக் கழற்றி அவள் தோளில் போட்டான்.

"மூணு மணிக்கு இங்க நில்லு. நான் வரும்போது காப்பிக் கடையில நிக்காதே."

"நீ முதல்ல வந்து சேரு, பார்க்கலாம்" என்றாள் ராயா.

இருபத்தாறு வருடமாக இருவரும் இந்த இரவு ஓட்டத்துக்கு வருகிறார்கள். ஆனால் ராயா எப்போதும் பிற்பகலில் நடக்கும் பெண்கள் ஓட்டத்தில்தான் ஓடுவாள்; யோர்மா இரவில். இந்த வருடம் அவர்களுடைய ஈசல்மி ஊர்ச் சங்கத்தில் பெண்கள் குழுவுக்கு வேண்டிய நான்கு பேர் சேரவில்லை. ஆண்களிலும் ஆறு பேர்தான். அதனால் அவளே ஏழாவது ஆள். யார் எந்தக் கட்டம் ஓடுவது என்று எழுதிக் கொடுத்ததும் அவள்தான். யோர்மாவுக்கு நான்காவது, எட்டே கிலோமீட்டர், பகல் வெளிச்சம் என்று எழுதியிருந்தாள். அவன் இரண்டு நாள் பேசாமல் இருந்தான். மூன்றாம் நாள் பால் லாரியை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, ஷூவைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குள் வந்தான்.

"எனக்கு ரெண்டாவது கட்டம் குடு. உனக்கு மூணாவது. ஒரு தடவையாவது நீ என் கையிலருந்து வாங்கணும்."

அவள் அழித்து எழுதினாள்.

மூன்றே கால். மூன்று இருபது. குளிர் முட்டியில் ஏறியது. வானம் வெளுத்துக்கொண்டிருந்தது; ஜூன் மாதத்தில் இருட்டு அதற்கு மேல் தங்காது. பக்கத்தில் நின்ற ஓவ்லு சங்கத்துக்காரர் ஒருவர் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"பால் வண்டி இன்னும் வரலையா? எங்கயாவது மாடு கூப்பிட்டிருக்கும்."

"கொசுவுக்கு விருந்து வச்சுட்டு வருவார்" என்றாள் அவள். குரல் சரியாகத்தான் இருந்தது.

முதல் கட்டம் ஓடி முடித்த கலெவி, போர்வையைச் சுற்றிக்கொண்டு, கையில் பாதி தின்ற சாசேஜோடு வேலிக்கு வெளியே வந்து நின்றான். முப்பது வருடமாக யோர்மாவின் கூட்டாளி.

"திரையில பார்த்தேன். அஞ்சாவது கொடியை ஒண்ணு அம்பத்திரெண்டுக்குத் தொட்டிருக்கான். நல்ல வேகம், கிழவனுக்கு."

"அடுத்துத் திரைக்கு வர்றது பதினொண்ணாவதுதானே?"

"அது இன்னும் வரலை."

"மூணு இருபதுக்குமா?"

"சதுப்புல வழி தவறியிருப்பான், ராயா. போன தடவை நானே நாப்பது நிமிஷம் ஒரே பாறையைச் சுத்தினேன். நீ போய் ஒரு காப்பி குடி, நான் நிக்கிறேன்."

அவள் நகரவில்லை. விரல்கள் விறைத்திருந்தன. யோர்மாவின் மேல்சட்டைப் பைகளுக்குள் கையை விட்டாள். வலது பையில் கைக்குட்டை. இடது பையில் ஒரு சிறிய பிளாஸ்டிக் உறை.

எடுக்காமலே தெரிந்துவிட்டது. வியாழக்கிழமை மருந்துக்கடையில் வேலை முடிந்ததும் அவளே வாங்கி, அவளே உறையில் போட்டு, அவன் ஓட்டக் கால்சட்டையின் உள்பையில் வைத்த மாத்திரைகள். நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்வது. நான்கு வைத்திருந்தாள். நான்கும் இங்கே, மேல்சட்டையிலேயே இருந்தன.

உறையைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு வேலியைத் தாண்டினாள்.

"எங்க போற? அவன் வந்தா யார் வாங்குறது?" கலெவி பின்னாலேயே வந்தான்.

முதலுதவிக் கூடாரத்தில் சிவப்புச் சட்டை போட்ட ஒரு பெண் யாருடைய கணுக்காலையோ கட்டிக்கொண்டிருந்தாள். ராயா யோர்மாவின் போட்டி எண்ணைச் சொன்னாள், நேரத்தைச் சொன்னாள். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள்.

"இந்த நேரத்துல காட்டுக்குள்ள ஆயிரத்துக்கு மேல இருக்காங்க. அரை மணி நேரம் தாமதம்னா இருநூறு பேராவது இருப்பாங்க. அவருக்கு ஏதாவது உடம்புக்கு இருக்கா?"

கலெவி ராயாவின் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தான். சாசேஜ் மெல்லும் சத்தம் கேட்டது.

"இதயத்துல" என்றாள் ராயா. "மார்ச்சுல ஓடவச்சு இதயத்தைச் சோதனை பண்ணாங்க. சரியா இல்லைன்னாங்க. ஆகஸ்ட்ல ரத்தக்குழாயைப் படம் எடுக்க நாள் குடுத்திருக்காங்க. அதுவரைக்கும் ஓடக்கூடாதுன்னு..."

மெல்லும் சத்தம் நின்றது.

"ஓடக்கூடாதுன்னு சொல்லியிருந்தாங்களா?" சிவப்புச் சட்டைக்காரி எழுந்துவிட்டாள்.

"வேகமா ஓடக்கூடாதுன்னு. எழுதிக் குடுத்திருந்தாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?" என்றான் கலெவி.

அவள் திரும்பவில்லை. சொல்லியிருந்தால் ஆறு பேர். ஆறு பேரோடு குழு கிடையாது.

சிவப்புச் சட்டைக்காரி வாக்கிடாக்கியை எடுத்தபோதே வேலிப் பக்கம் கூச்சல் எழுந்தது. புல்சரிவில் ஒரு இளைஞன் தலைதெறிக்க ஓடி வந்தான். மாணவர் சங்கத்துச் சட்டை. அவன் கூட்டாளி வேலியிலிருந்து எட்டிக் கத்தினான்: "மேப்! நீலோ, மேப்பை எடுடா! எங்கடா போற?"

நீலோ வரைபடப் பலகையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆள் மாறும் கோட்டையும் தாண்டி வந்து இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி நின்றான்.

"டாக்டர்! ஒன்பதாவது கொடிகிட்ட ஒருத்தர்... ஈசல்மிக்காரர்... ஈசல்மி யாராவது இருக்கீங்களா?"

"நான்தான்" என்றாள் ராயா.

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். இருபது, இருபத்தொன்று வயது இருக்கும். கன்னத்தில் கிளை கீறிய ரத்தம்.

"உட்கார்ந்திருந்தார். எனக்கு முன்னாடி போனவங்களும் கேட்டிருக்காங்க. 'ஷூ நாடா கட்டறேன், நீ போ'ன்னு அனுப்பிட்டாராம். என்கிட்டயும் அதேதான் சொன்னார். ஆனா நாடா ரெண்டும் கட்டித்தான் இருந்துச்சு. நான் நின்னேன். ரெண்டு பேர் கூட இருக்காங்க."

"பேசினாரா?"

"பேசினார். மூணு மணி ஆயிடுச்சான்னு கேட்டார்."

சிவப்புச் சட்டைக்காரி நீலோவின் வரைபடத்தைப் பிடுங்கி மேசையில் விரித்தாள். நாலு சக்கர மோட்டார் வண்டி காட்டுச் சாலையில் சுற்றிப் போகவேண்டும். அதற்கப்புறம் சதுப்பு, வண்டி இறங்காது, நானூறு மீட்டர் நடை. "நீங்க எங்ககூட பின்னால ஏறிக்கங்க" என்றாள்.

ராயா வரைபடத்தை ஒரு முறை பார்த்தாள். நேராகப் போனால் ஒன்றரைக் கிலோமீட்டர்.

"உன்னால இன்னும் ஓட முடியுமா?" என்று நீலோவைக் கேட்டாள்.

"முடியும்."

யோர்மாவின் மேல்சட்டையைக் கலெவியிடம் எறிந்துவிட்டு அவள் காட்டுக்குள் இறங்கினாள். போட்டியாளர்கள் எதிரே வந்துகொண்டிருந்தார்கள். திசை மாறி ஓடும் இருவரையும் பார்த்து ஒதுங்கினார்கள். பிர்ச் மரங்கள், அதற்கப்புறம் பாறை மேடு, பாசியில் கால் வழுக்கியது. நீலோ முன்னால் கிளைகளை விலக்கிக்கொண்டே போனான். ஒரு தடவை திரும்பி, "மெதுவாப் போகட்டுமா?" என்றான். "போ" என்றாள். அறுபது வயதுக்குப் பிறகு அப்படி ஒரு ஓட்டத்தை அவள் ஓடியதில்லை. அதற்கு முன்பும் ஓடியதில்லை. மூச்சு இரும்பு வாடை அடித்தது. கைக்குள் உறை வியர்வையில் நனைந்துகொண்டிருந்தது. நான்கு மாத்திரை. ஒன்று போதும். ஒன்றை நாக்குக்கு அடியில் வைத்தால் இரண்டு நிமிடத்தில் வலி இறங்கும். அவன் உட்கார்ந்திருக்கிறான், பேசுகிறான், மணி கேட்கிறான்.

சதுப்பில் முட்டி வரை தண்ணீர். எதிர்க்கரையில் ஆரஞ்சும் வெள்ளையுமாகக் கொடி தெரிந்தது. அதற்குப் பத்தடி தள்ளி, நரைத்த பின்னலோடு ஒரு பெண் மண்டியிட்டு, இரண்டு கையையும் நேராக வைத்து ஒரு நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தாள். சத்தமாக எண்ணினாள். "இருபத்தி ஒண்ணு, இருபத்தி ரெண்டு..."

நீலோ நின்றுவிட்டான். ராயா நிற்கவில்லை.

யோர்மாவின் தொப்பி பக்கத்தில் கிடந்தது. வாய் சற்றுத் திறந்திருந்தது. ராயா அந்தப் பெண்ணின் எதிரே மண்டியிட்டாள்.

"எவ்வளவு நேரமா?"

"ஆறு நிமிஷம், ஏழு. பேசிட்டே இருந்தார். நீங்க..."

"நகருங்க. நான் பண்றேன்."

முப்பது எண்ணினாள். மறுபடி முப்பது. கூட இருந்த இன்னொரு ஆள் மூச்சு கொடுத்தார். அவள் கைக்குக் கீழே எலும்பு அசைவது தெரிந்தது. விடாமல் அழுத்தினாள். எண்ணிக்கை தவறியபோது பின்னல்காரி எடுத்துக் கொடுத்தாள். சதுப்பில் ஆட்கள் இறங்கும் சத்தம் கேட்டபோதும் அவள் தலை தூக்கவில்லை. சிவப்புச் சட்டைக்காரி தோளைத் தொட்டு, "இனி நாங்க" என்றபோதுதான் விலகினாள்.

நெஞ்சில் மின்னதிர்ச்சிக் கருவி வைத்தார்கள். ஊசி போட்டார்கள். கருவியின் குரல் எல்லோரையும் விலகச் சொன்னது, எல்லோரும் விலகினார்கள். மூன்று தடவை. கொசு முகத்தை மொய்த்தது, யாரும் விரட்டவில்லை. நான்கு முப்பத்தொன்றுக்குச் சிவப்புச் சட்டைக்காரி தன் கடிகாரத்தைப் பார்த்தாள். அப்புறம் ராயாவைப் பார்த்தாள்.

"தெரியுது" என்றாள் ராயா.

ஒரு சாம்பல் நிறப் போர்வையால் மூடினார்கள். தூக்கிப் போக இன்னும் நான்கு பேர் வரவேண்டும், காத்திருக்கவேண்டும். நரைத்த பின்னல்காரி தன் வரைபடத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஒரு மரத்தடியில் உட்கார்ந்தாள்; போகவில்லை. நீலோ தண்ணீரோரம் முதுகைக் காட்டி நின்றான். தோள்கள் குலுங்கின. ராயா எழுந்து போய் அவன் கன்னத்துக் கீறலைப் பார்த்தாள்.

"இதைக் கழுவணும். சதுப்புத் தண்ணி வேண்டாம். முதலுதவிக் கூடாரத்துல போய்க் கழுவு."

"நான் இன்னும் சீக்கிரம் ஓடியிருந்தா..."

"நீ நின்னியே" என்றாள்.

கலெவி சாலைப் பக்கமாக வந்து சேர்ந்தான். மேல்சட்டையை இன்னும் கையிலேயே வைத்திருந்தான். போர்வையைப் பார்த்தான். மேல்சட்டையை அவள் தோளில் போட்டான். தன்னிடமே சொல்வதுபோல, "பசங்ககிட்ட சொல்லிட்டேன். குழுவைப் போட்டியிலருந்து எடுத்தாச்சு" என்றான்.

அவள் தலையசைத்தாள்.

கொடிக்கு ஓட்டக்காரர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். வேறு வழியில்லை, எல்லோருக்கும் அது ஒன்பதாவது கொடி. புதர் விலகும் சத்தம், கொடியிலுள்ள பதிவுக்கருவியின் பீப் ஒலி, அப்புறம் கால்கள் தயங்கும் அமைதி. "உதவி வேணுமா?" என்று ஒவ்வொருவரும் கேட்டார்கள். "வேண்டாம், போங்க" என்றாள் ராயா. சிலர் தொப்பியைக் கழற்றினார்கள். ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டார். "போங்க" என்றாள். சூரியன் பைன் மரங்களின் மேற்பாதியில் பட்டது.

பாறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் தட்டுத் தடுமாறி வந்தாள். ஐம்பது வயது இருக்கும். மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. அவளுக்குப் போர்வை தெரியவில்லை, ஆட்கள் தெரியவில்லை, எதிரே நின்ற ராயா மட்டும்தான் தெரிந்தாள்.

"தப்பா நினைக்காதீங்க, கேக்கக்கூடாதுதான். இது எட்டா, ஒன்பதா? ஒரு மணி நேரமா இந்தச் சதுப்பையே சுத்திட்டிருக்கேன். அழுகையா வருது."

கலெவி ஓரடி முன்னால் வந்தான். ராயா கையைக் காட்டி அவனை நிறுத்தினாள். அந்தப் பெண்ணின் வரைபடத்தை வாங்கி, மேல்சட்டைக் கையால் ஈரத்தைத் துடைத்து, ஒரு புள்ளியில் விரலை வைத்தாள்.

"இங்க இருக்கோம்."

"ஒன்பதா?"

"ஒன்பது."

"அப்ப பத்து?"

ராயா வரைபடத்தைத் திருப்பிப் பிடித்தாள். "இந்த மேட்டோட இடதுபக்கமாப் போங்க. ஓடை வரும். ஓடையைத் தாண்டிடாதீங்க. அது கூடவே போங்க."

அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றி, துடைக்காமல் மறுபடி மாட்டிக்கொண்டு, "நன்றிங்க" என்று சொல்லி, கொடியைத் தொட்டுவிட்டு ஓடினாள். மேட்டருகில் வலதுபக்கம் திரும்பப் பார்த்தாள்.

"இடது" என்றாள் ராயா, உரக்க.

அவள் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு இடதுபக்கம் போனாள். அவளுடைய மஞ்சள் சட்டை மரங்களுக்குள் ஒரு தடவை தெரிந்தது, அப்புறம் இன்னும் சின்னதாக ஒரு தடவை. ராயா அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.