இரண்டு நாற்காலி

ஷாங்காய் பணக்காரர்களுக்கு அந்த வருஷம் ஒரே பைத்தியம். ஒரே புகைப்படத்தில் இரண்டு தடவை விழ வேண்டும்: பட்டு அங்கியில் நாற்காலியில் அமர்ந்தபடி ஒரு தடவை, அந்தத் தன் காலடியிலேயே கந்தலோடு மண்டியிட்டுப் பிச்சை கேட்டபடி இன்னொரு தடவை. என் ஸ்டூடியோவில், கேமராவின் கண்ணாடித் தகட்டில் பாதியை மூடி ஒன்று, மறுபாதியை மூடி ஒன்று எடுப்பேன். அன்று மத்தியானத்துக்குள் ஆறு வியாபாரிகளுக்கு மண்டியிடச் சொல்லிக்கொடுத்து என் இடுப்பே விட்டுப்போயிருந்தது.

ஏழாவதாக, ரிக்‌ஷா இழுக்கும் லூ கென்ஷெங் வந்தான். ஸ்டூடியோவின் பட்டு அங்கியை மாட்டி உட்காரவைத்து முதல் பாதியை எடுத்தேன்.

"அங்கியைக் கழட்டுப்பா. உனக்குக் கந்தல் வேற தர வேண்டாம், உன் சட்டையே போதும். அந்தப் பக்கம் போய் மண்டி போடு."

அவன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய், அங்கியோடேயே உட்கார்ந்தான்.

"யோவ், அப்போ பிச்சை கேக்கறது யாரு?"

"அந்த மூஞ்சியோடதான் தினமும் சவாரிக்கு நிக்கறேன், முதலாளி. அதைப் பாக்கக் காசு வேற குடுக்கணுமா? ரெண்டு பேருமே உக்காரட்டும்."

லென்ஸ் மூடியைத் திறந்துவிட்டு, நானும் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.