மஹ்விஷ் தானாகப் படித்தது

மயிலாப்பூரில் இருந்த அந்தக் கல்லூரியில் புவியியல் பட்டப்படிப்புக்கு நேர்காணல் நடந்துகொண்டிருந்தது. காலையிலிருந்து வந்த பிள்ளைகள் எல்லோரும் ஏதாவதொரு சான்றிதழை நீட்டினார்கள். மஹ்விஷ் மட்டும் வெறுங்கையோடு வந்து உட்கார்ந்தாள். 'மழை பெய்தால் எங்கள் தெருவில் மட்டும் தண்ணீர் நிற்பது ஏன் என்று நானாகப் படித்தேன்' என விண்ணப்பத்தில் எழுதியிருந்தாள்.

அந்த வரி பேராசிரியை ஷண்முகப்ரியாவைக் குறுகுறுக்க வைத்தது. நிஜமா, யாராவது சொல்லிக்கொடுத்ததா? இப்போதெல்லாம் காசு கொடுத்தால் மாணவர் பெயரில் ஆராய்ச்சியே செய்து தருகிறார்கள்.

"யாரும்மா கைடு?" என்றார் துறைத்தலைவர் ஸ்ரீரங்கன்.

"யாரும் இல்ல சார்."

"அப்போ நீ செஞ்சது சரின்னு எப்படித் தெரியும்?"

மஹ்விஷ் வாய் திறப்பதற்குள் ஷண்முகப்ரியா குறுக்கிட்டாள். "சரி, எங்க தப்பு பண்ணே? அதச் சொல்லு."

பெண்ணுக்கு முகம் மலர்ந்துவிட்டது. நாற்காலியின் நுனிக்கு வந்தாள்.

"மேஸ்திரிங்க டியூப்ல தண்ணி ரொப்பி மட்டம் பாப்பாங்கல்ல மேடம், அத வச்சு தெருவ அளந்தேன். பாத்தா, தண்ணி மேட்டுக்கு ஏறுற மாதிரி வருது! மண்டைய ஒடச்சிக்கினேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, டியூப்புக்குள்ள காத்துக் குமிழி. திரும்ப அளந்தேன். மெயின் ரோட்ட மேல மேல போட்டு ஒசத்திட்டாங்க, தண்ணி எல்லாம் எங்க பக்கம் சாயுது."

யாரோ சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்க வந்தவர்கள் காற்றுக் குமிழியைப் பற்றிப் பேச மாட்டார்கள். ஷண்முகப்ரியாவுக்கு இப்போது வேறு ஆர்வம் பிறந்தது.

"சைதாப்பேட்டைல ஆத்துப் பக்கந்தானே உங்க வீடு? ஆத்துல வெள்ளம் ஏறினா வடிகால் வழியா தண்ணி திரும்பி வருமே. அதப் பாத்தியா?"

மஹ்விஷ் வாயைப் பிளந்தாள். "இல்ல மேடம். எனக்கு அது தோணவே இல்ல."

"நீயே இவ்ளோ கத்துண்டுட்டே," என்றார் ஸ்ரீரங்கன். "அப்புறம் காலேஜ் எதுக்கு?"

"இப்ப மேடம் கேட்டாங்கல்ல, அதுக்குத்தான் சார்."

ஸ்ரீரங்கன் சிரித்துவிட்டார். அவள் போன பிறகு மதிப்பெண் தாளின் மேல் பேனாவை உருட்டினார். "இதுக்கு எந்தக் கட்டத்துல மார்க் போடறது? அடுத்த வருஷம் எல்லாரும் இதையே எழுதிண்டு வருவா."

"வரட்டுமே சார். கேட்டுப் பாப்போம்."

அன்று மாலை மந்தைவெளியில் தன் வீட்டுத் தெருமுனையில் ஷண்முகப்ரியா நின்று பார்த்தாள். இங்கே தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்? இத்தனை வருடம் குடியிருந்தும் தெரியவில்லை.

பிளஸ் டூ மதிப்பெண் குறைவு என்பதால் முதல் பட்டியலில் மஹ்விஷ் பெயர் வரவில்லை. இரண்டாவதில் வந்தது. சேர்க்கை நாளன்று அவள் அம்மா வஜீஹா ஷண்முகப்ரியாவைத் தனியாகப் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், ரோட்ல டியூப் வெச்சிக்கினு சும்மா அலைஞ்சிக்கினு இருந்தா இவ. நான் திட்டாத நாளில்ல. அதுக்கா சீட்டு குடுத்தீங்கோ?"

"அதுக்கும்தான்மா."

வஜீஹா மகளை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்போ அந்தத் தண்ணி நிக்காம இருக்கறதுக்கு இன்னா பண்ணணுமாம்?" என்று கேட்டாள்.