இருபத்துமூன்றும் இருபத்துமூன்றும்

“ஆடாம நில்லுண்ணா, முள்ளு நிக்க மாட்டேங்குது” என்று சொல்லிவிட்டு, சின்னவள் முழங்காலை ஊன்றித் தரையோடு தரையாகக் குனிந்தாள். எடை மிஷினின் மேல் அண்ணன் நீலப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். பெட்டி மார்பிலிருந்து தொடைவரை மறைத்ததால், காலடியில் முள் எதைக் காட்டுகிறது என்று அவனுக்குத் தெரியாது. யாராவது குனிந்து பார்த்துச் சொல்ல வேண்டும். மிஷினை எடுத்துப் போகத்தான் அவள் மாடிக்கு வந்தாள். வந்தவளை வாசலிலேயே மடக்கிவிட்டான்.

“நூத்தஞ்சரை.”

“என் எடை எண்பத்தொண்ணு போனா இருபத்திநாலரை. ஒன்றரை கிலோ கூட. கறுப்புப் பெட்டியையும் பார்த்துடலாம்.”

“அண்ணா, அப்பாவுக்கு எடை பார்க்கணும். மூணு நாளாச்சு.”

“பார்க்கலாம், பார்க்கலாம். அப்பா எங்க ஓடிப் போறார்? எனக்குத்தான் சாயங்காலம் ஃப்ளைட்டு.”

அந்த மிஷினே அப்பாவுக்காக வாங்கியதுதான். அவருக்கு இதயம் பலவீனம். உடம்பில் நீர் சேர்ந்துகொள்ளும். தினமும் காலையில் எடை பாருங்கள், இரண்டு நாளில் இரண்டு கிலோ ஏறினால் வேறெதையும் யோசிக்காமல் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். ஒன்றரை வருஷமாகச் சின்னவள் ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை. மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். இரண்டு கிலோ என்றால் என்னவென்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

லீவில் வந்த அண்ணன் “ஒரு மணி நேரம்” என்று வாங்கிப் போனது மூன்று நாளுக்கு முன்னால். மிஷின் கீழே இறங்கவில்லை. முதல் நாள் போய்க் கேட்டாள். பெட்டி பாதியில் நிற்கிறது என்றான். மறுநாள் போனபோது கதவைத் தாழிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். நேற்று அவள் படியேறவே இல்லை. இவனும் அவர் பெற்ற பிள்ளைதானே, ஒரு நாளாவது அவனுக்காகத் தோன்றட்டும் என்கிற வீம்பு. அவனுக்குத் தோன்றவில்லை. இன்று விடிந்ததும் அம்மா, “ராத்திரி பூரா அவர் படுக்கவே இல்லடி, மூணு தலையணையை முட்டுக் கொடுத்து உக்காந்தே இருந்தார்” என்றாள். வீம்பு போன இடம் தெரியவில்லை. ஓடி வந்தாள்.

கறுப்புப் பெட்டி இருபத்தொன்றரை. அண்ணனுக்கு முகமெல்லாம் பல்.

“பார்த்தியா, அதுலேர்ந்து இதுக்கு ஒன்றரை மாத்தினா ரெண்டும் கச்சிதமா இருபத்திமூணு. ஒரு கிலோ கூடினாலும் ஏர்போர்ட்ல கழுத்துல துண்டைப் போட்டுடுவான். அந்த இரும்புச் சட்டியை எடு.”

“சட்டி ரெண்டு கிலோ வரும்ணா.”

“அப்ப உங்க அண்ணி கேட்ட போர்வை ரெண்டையும் எடு.”

எடுத்து மாற்றினாள். போர்வையைச் சுருட்டி மூலையில் திணித்தாள், மேலே உட்கார்ந்து அமுக்கினாள், அவன் ஜிப்பை இழுத்தான். அண்ணனும் தங்கையும் சேர்ந்து ஒரு வேலை செய்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஜிப் மூடியதும் இருவரும் சிரித்தே விட்டார்கள். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த ஐந்து நிமிஷம் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

“சின்னவளே, சீக்கிரம் வாயேன். அப்பா ஒரு மாதிரி பண்றார்” என்று கீழேயிருந்து அம்மா கூப்பிட்டாள்.

“இதோ வந்துட்டாம்மா” என்று அண்ணனே பதில் குரல் கொடுத்துவிட்டு, நீலப் பெட்டியோடு மறுபடி மிஷினில் ஏறினான். “ஒரே தடவை. எவ்வளவுன்னு சொல்லிட்டு ஓடு.”

போடா என்று சொல்லிவிட்டு ஓடியிருக்கலாம். குனிந்தாள். முள் ஆடி ஆடி நின்றது.

“நூத்திநாலு.”

“இருபத்திமூணு! சொன்னேன்ல?”

மிஷினை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவள் இறங்கி வந்தபோது, அப்பா தலையணைகளில் சாய்ந்து வாயைத் திறந்தபடி இருந்தார். அம்மா அவர் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சின்னவள் வலது மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு இடது. பிறகு அம்மாவின் கையைப் பிடித்துத் தேய்ப்பதை நிறுத்தினாள்.

தெருமுனை கிளினிக்கிலிருந்து டாக்டர் வருவதற்குள் அண்ணன் கூடத்தில் நாலு தடவை நடந்துவிட்டான். டாக்டர் அப்பாவின் கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்க்கும்போதே ஆரம்பித்தான்.

“நான் எங்கேயோ கண்காணாத ஊர்ல கிடக்கறவன். எனக்கென்ன தெரியும்? நீ கூடவே இருக்கிறவ. மருந்துக்கடையில வேற வேலை பார்க்கறே. உனக்குமா தெரியல?”

அவளுக்கு உச்சந்தலைவரை பற்றிக்கொண்டு வந்தது. பளாரென்று ஒன்று வைக்கலாம்போல இருந்தது. மூன்று நாள் மிஷின் யாரிடம் இருந்தது என்று கேட்க வாயைத் திறந்தாள். அம்மா அவன் முகத்தையும் இவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“எடை தினமும் பார்த்தீங்களாம்மா?” என்றார் டாக்டர்.

“பார்த்தோம் டாக்டர்.”

“நேத்து எவ்வளவு?”

“அறுபத்திரண்டு.”

“முந்தாநாள்?”

“அதே அறுபத்திரண்டுதான்.”

அண்ணனைக் காப்பாற்றச் சொன்னாள் என்று நினைத்தால் தப்பு. அவனை இழுத்தால் நேற்று அவள் படியேறாமல் இருந்ததும் கூடவே வரும். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் பெட்டிமேல் உட்கார்ந்து சிரித்ததும் வரும்.

அப்பாவின் காலை மூடியிருந்த போர்வையை டாக்டர் விலக்கிப் பார்க்கவில்லை. ஸ்டெதாஸ்கோப்பைச் சுருட்டிப் பையில் வைத்தார்.

“அப்ப நீர் சேரலை. இதயம் திடீர்னு நின்னிருக்கு. யாராலயும் எதுவும் பண்ணியிருக்க முடியாது. மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க.”

அண்ணன் ஒரு நீண்ட மூச்சு விட்டான். “கேட்டியாம்மா? யாராலயும் எதுவும் பண்ணியிருக்க முடியாதாம்.”

டாக்டரை வாசல்வரை அனுப்பிவிட்டு வந்து, கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தான். போர்வைக்குள் கையை விட்டு, அப்பாவின் கால்கள் இரண்டையும் பற்றிக்கொண்டு, கண்ணை இறுக மூடி அழுதான். தப்பே செய்யாதவன் அழுகிற அழுகை, வாய்விட்டு, தாராளமாக. அம்மா அவன் தலையைத் தடவினாள்.

“உன்னைப் பார்த்துட்டுத்தாம்பா போனார்.”

வெகுநேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவன் கையை எடுத்தபோது போர்வையும் கூடவே விலகியது. கணுக்கால் எலும்பு தெரியாமல் கால்கள் வீங்கிப் பளபளத்தன. அவன் விரல் அழுந்திய இடங்களில் குழி குழியாக இருந்தது. ஒன்றுகூட நிரம்பவில்லை.

அவன் இன்னும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். சின்னவள் போர்வையை இழுத்து மூடினாள். மறுபக்கம், அவள் முகத்தைப் பார்க்காமலே, அம்மா அதன் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகினாள்.