கண்ணாடிக்குக் கீழே மூன்றாவது தாள்

கடிகாரம் பழுது பார்ப்பவரின் மனைவிக்கு அன்று காலை முதலில் வந்தது கோபம்தான். பயம் பிறகுதான் வந்தது.

குளியலறைக் கண்ணாடிக்குக் கீழே, வெள்ளை டைல்ஸில், கணவனும் மனைவியும் தினமும் ஆளுக்கொரு சோதனைத் தாளை ஒட்டுவார்கள். விடிந்ததும் சிறுநீரில் நனைத்த தாள். ஆரஞ்சு என்றால் அமிலம், பச்சை என்றால் சுமார், நீலம் என்றால் காரம். உடம்பு காரமாக இருந்தால் வியாதியே அண்டாது என்று அவர் எங்கோ கேட்டுவிட்டு வந்த நாளிலிருந்து, அந்த வீட்டில் அடுப்பை நடத்துவது அந்தத் தாள்தான். முதலில் காபி போனது. பிறகு கறி, பருப்பு. கடைசியில் சோறும் போனது.

அன்று இரண்டு தாள்களுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று இருந்தது. தாள் கட்டோடு வந்த அட்டையில் அச்சடித்த நிறங்களையெல்லாம் தாண்டிய நீலம். மயில் கழுத்து போல மினுங்கியது.

"ஒருத்தருக்கு ஒண்ணு போதாதா? தாள் என்ன மரத்துலயா காய்க்குது?" என்றாள்.

அவர் வாயில் பிரஷ்ஷோடு வந்து எட்டிப் பார்த்தார். "நான் ஒட்டலயே. நீதானே? எப்படி வந்துச்சு இந்த நீலம்?"

அவள் தொட்டுப் பார்த்தாள். மற்ற இரண்டும் காய்ந்து சுருண்டிருந்தன. இது மட்டும் ஈரமாக இருந்தது.

மறுநாளும் இருந்தது. அன்றிரவு குளியலறையைப் பூட்டி, சாவியைத் தலையணைக்கடியில் வைத்துப் படுத்தாள். விடிந்து திறந்தால், அப்போதுதான் நனைத்து ஒட்டியதுபோல் ஈரம் சொட்டியது. அவளுக்குப் பயம் வந்தது. அவருக்கோ பொறாமை.

"யாரோ நம்மள முந்திட்டு நிக்கிறான்," என்றார். பயப்பட வேண்டியதற்குப் பொறாமைப்படுகிறாரே என்பதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க ஆரம்பித்தார். முதலில் ஒரு சிட்டிகை. அப்புறம் கரண்டி. அப்புறம் டப்பாவோடு சாய்த்தார். ஒரு மத்தியானம் வாசல் அறையில் கைக்கடிகாரம் ஒன்றைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தவரின் விரல்கள் தாமாகவே ஒன்றுகூடி, குருவி அலகு போல மடங்கிக்கொண்டன. சின்ன திருகாணி தரையில் உருண்டது.

"குளிருது, அதான்," என்றார், வியர்த்துக்கொண்டே.

அவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் தம்பியிடம் ஓடினாள்.

"அக்கா, ரத்தத்துல எவ்ளோ அமிலம், எவ்ளோ காரம்னு நுரையீரலும் கிட்னியும் பாத்துக்கும். மிஞ்சினதத்தான் ஒண்ணுக்குல வெளிய தள்ளுது. குப்பைத்தொட்டிய மோந்து பாத்து வீட்டுக்காரன் வசதியானவனான்னு சொல்ற மாதிரி இருக்கு மாமா பண்றது," என்று சிரித்தவன், விரல் விஷயம் கேட்டதும் சிரிப்பை நிறுத்தினான். "சோடாவ இப்படிக் குடிச்சா ரத்தமே கெட்டுப்போகும். நெஞ்சு நின்னாலும் நின்னுடும். உடனே ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போ."

"இழுத்தா வர்ற ஆளா உங்க மாமா? அந்தத் தாள் சொன்னாத்தான் கேப்பாரு."

மூன்றாவது தாளைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. சொன்னால் அவளையும் சேர்த்து இழுத்துப் போகச் சொல்வான். ஆனால் தான் சொன்னதே தன் காதில் விழ, வழி புலப்பட்டது.

மறுநாள் அவர் எழுவதற்கு முன் உள்ளே போனாள். நீலத் தாளைப் பிய்த்தாள். அது தோல் போல ஒட்டிக்கொண்டு, மனசில்லாமல் வந்தது. கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். புதுத் தாளை எலுமிச்சைச் சாற்றில் தோய்த்து அதே இடத்தில் ஒட்டினாள். பளீரென்று ஆரஞ்சு.

அவர் வந்து வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"விழுந்துட்டான்," என்றார் மெதுவாக. "அவ்ளோ தூரம் போனவனே விழுந்துட்டான். அப்போ நான் எம்மாத்திரம்?" அப்படியே தரையில் உட்கார்ந்தார். "சாப்பிட ஏதாவது இருக்கா?"

அவள் அழுதுகொண்டே சோறு போட்டாள். அன்றே ஆஸ்பத்திரிக்கும் மறுபேச்சில்லாமல் வந்தார். சில நாட்களில் விரல்கள் நிமிர்ந்தன. தாள் கட்டு குப்பைக்குப் போனது. டைல்ஸைத் தேய்த்துக் கழுவினாள். மறுபடி காபி வாசம் வந்தது வீட்டில்.

பிறகொரு காலை, முகம் கழுவக் குனிந்தவள் நிமிர்ந்தபோது, கண்ணாடிக்குக் கீழே ஒரு தாள் இருந்தது. நடுவில் அல்ல. வலது பக்கம், அவள் ஒட்டி வந்த இடத்தில். ஈரமாக.

பிய்த்தெறியக் கை நீட்டினாள். கை பாதியில் நின்றது. இத்தனை நாளில் அவள் அந்த நீலத்தைப் பயமில்லாமல் பார்த்ததே இல்லை. எவ்வளவு அழகு. ஆழம் போகப் போக இன்னும் ஆழம். தன் உடம்புக்குள்ளிருந்து இப்படி ஒரு நிறம் வந்தால் எப்படியிருக்கும்?

"ஆறிப்போகுது, வா. நானே ரெண்டாவது தடவை பரிமாறிக்கிட்டேன்," என்று சமையலறையிலிருந்து அவர் குரல் கொடுத்தார்.

"நீங்க சாப்பிடுங்க," என்றாள் கதவைச் சாத்தியபடி. "எனக்குப் பசியே இல்ல."