புனிதன் வராத கல்யாணம்

லோகேஸ்வரி தன் முதல் சிறுகதைத் தொகுப்பைத் தானே அச்சிட்டு வெளியிட்டபோது, அண்ணன் புனிதன் மட்டும் அதைப் படிக்கவே மாட்டார் என்று உறுதியாக நம்பினாள். சுவா ஊருக்கு உள்ளே தள்ளி இருக்கும் தோட்டத்தில் அவர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு ஒரு புத்தகத்தையும் தொட்டதில்லை. அந்தத் துணிச்சலில்தான் அவரைப் பற்றியே ஒரு கதை எழுதியிருந்தாள்.

பதினோரு வருடங்களுக்கு முன் நடந்த அவளுடைய கல்யாணம்தான் கதை. செனாவாங் தொழிற்சாலையில் தன்னோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்த கிளென்னை அவள் விரும்பினாள். கிளென் கிறிஸ்தவன். அண்ணன் "உன் இஷ்டம்" என்றதோடு சரி. கல்யாணத்தன்று சர்ச்சுக்கு அண்ணி புஷ்பவள்ளி மட்டும் வந்து, "அவருக்கு வேல" என்றாள். அடுத்த வாரம் வீட்டுக்குப் போனபோது அண்ணன் கோழி அடித்து விருந்து வைத்தார். அந்த நாளைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகும் திறக்கவில்லை. கதையில் வரும் அண்ணன், கதவைச் சாத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, கல்யாணம் முடியும்வரை கோபத்தோடு சுவரையே பார்த்துக்கொண்டிருப்பான்.

இரண்டு பதிப்பகங்களிலிருந்து பதிலே வராததால் அவளே பக்கங்களை வடிவமைத்து, சிரம்பானில் ஓர் அச்சகத்தில் முந்நூறு பிரதிகள் போட்டாள். கோயில் வாசலிலும், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சர்ச்சு வாசலிலும் நின்று விற்றாள். அந்தக் கதையைக் குறும்படமாக எடுக்க வேண்டும் என்ற ஆசையும் அப்போதுதான் வந்தது. கோலாலம்பூரில் ஒரு நிறுவனத்துக்குத் திரைக்கதையை அனுப்பினாள். கூப்பிட்டுப் பேசினார்கள்.

"தோட்டத்த எடுத்துட்டு டவுன்ல ஒரு கொண்டோ அடுக்குமாடின்னு வச்சிக்கலாமா? தங்கச்சி கேரக்டருக்கு கொஞ்சம் செவப்பா ஆள் போட்டா நல்லா இருக்கும்."

திரும்பி வரும் வழியில் அவள் திரைக்கதையை மடித்துப் பையில் திணித்தாள். காரை ஓட்டிக்கொண்டிருந்த கிளென்தான் சொன்னான். "நம்ம கலர்ல ஆளு வேணும்னா நம்ம வீட்லயே இருக்காங்களே. கேமராவ நான் இரவல் வாங்குறேன். நாமளே எடுப்போம்."

அந்த வாரமே அண்ணனிடமிருந்து அழைப்பு வந்தது. அண்ணி மூன்று சாயங்காலம் உட்கார்ந்து கதையை வாசித்துக் காட்டி, படம் எடுக்கப் போவதையும் சொல்லியிருக்கிறாள்.

"என்னைய வச்சி கத எழுதியிருக்கியாமே?"

லோகேஸ்வரி அவசரமாகச் சமாளித்தாள். "அது கதண்ணே. பேருகூட வேற."

"பேரு மட்டும்தான் வேற. சாப்பிட்டதும் தட்டுலயே கை கழுவறது நான்தானே? படம் எடுக்கப் போறியாம். என் வேசத்துல யாரு?"

"தர்மராஜ்னு ஒருத்தர். மேடை நாடகத்துல எல்லாம் நடிச்சிருக்காரு."

"லோரி ஓட்டுவாரா?"

"ஓட்ட மாட்டாருண்ணே."

"அப்ப நானே வர்றேன்."

ஞாயிறு காலையில் அண்ணன் வீட்டிலேயே படப்பிடிப்பு. கிளென் கேமராவைப் பிடித்தான். அவனுடைய அக்கா ஃபிளோரா, ஒட்டடைக் கம்பில் கட்டிய மைக்கைத் தூக்கிக்கொண்டு நின்றாள். லோரி ஓட்டும் காட்சியில் புனிதன் அசத்திவிட்டார். நாற்காலிக் காட்சிதான் வரவில்லை. ஏழு முறை எடுத்தார்கள். ஒருமுறை சிரித்துவிட்டார். ஒருமுறை அடுப்படிப் பக்கம் திரும்பி, "என்னா, கோழிப் பெரட்டலா பண்றே?" என்று அண்ணியிடம் கேட்டார்.

"அண்ணே, கோவமா இருக்கணும். அன்னிக்கி எப்படி இருந்தீங்களோ அப்படியே இருங்க, போதும்."

"அன்னிக்கி நான் இங்க உக்காரவே இல்லயேம்மா."

கிளென் கேமராவை நிறுத்தவில்லை.

புனிதன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அன்று காலையில் ஒரே ஒரு நடை ஏற்றிவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்பது மணிக்குள் திரும்பிவிடலாம் என்று கிளம்பியிருக்கிறார். முதல் நாள் பெய்த மழையில் லோரி சக்கரம் சேற்றில் புதைந்துவிட்டது. டிராக்டர் வந்து இழுத்துவிட மணி பத்தரை. வீட்டுக்குப் போக நேரமில்லாமல், அப்படியே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சர்ச்சுக்கு விரட்டியிருக்கிறார்.

"வந்தீங்களா?" லோகேஸ்வரியின் குரல் உடைந்தது.

"வேலியோரமா நின்னேன். நீங்க ரெண்டு பேரும் வெளிய வந்தப்ப எல்லாரும் பூ போட்டாங்க. ஒரு பூ வாய்க்குள்ள போயி நீ துப்புன. பாத்துட்டு வந்துட்டேன்."

"ஏண்ணே உள்ள வரல?"

"மாப்புள வீட்டு ஆளுங்கல்லாம் கோட்டு போட்டு நிக்கிறாங்க. நான் தலையிலேருந்து காலு வரைக்கும் சேறு. பொண்ணோட அண்ணன் இதுதானான்னு யாராச்சும் கேட்டுட்டா உனக்குத்தானே அசிங்கம்?"

அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்த புஷ்பவள்ளி வாசலிலேயே நின்றுவிட்டாள். "எங்கிட்டகூட சொல்லல இந்த மனுசன்!"

"பதினோரு வருசம்ணே! ஒரு வார்த்த சொன்னா என்னா?" லோகேஸ்வரி கையிலிருந்த திரைக்கதையைச் சுருட்டி அவர் தோளில் ஓங்கி ஒன்று போட்டாள்.

"நீ கேக்கவே இல்லயே."

அவள் அழுதாள். கிளென் மெல்ல மச்சானின் பக்கத்தில் வந்து நின்றான். அவர் கையைப் பிடித்துக்கொண்டான். ஃபிளோராதான் இடையில் புகுந்தாள். "கை வலிக்குதுலா. அழறவங்க அழுது முடிங்க, இல்லன்னா கம்ப கீழ வைக்கிறேன்."

சாப்பாட்டு மேசையிலேயே அவள் திரைக்கதையை மாற்றி எழுதினாள். அடுத்த ஞாயிறு, தோட்டத்துப் பாதையில் வேண்டுமென்றே லோரியைச் சேற்றில் இறக்கினார்கள். மேற்பார்வைக்கு வந்த மண்டோர் மணியம் தலையில் கை வைத்துக்கொண்டார். "சிக்கக் கூடாதுன்னு நான் தெனமும் சாமிய கும்புடறேன். நீங்க பள்ளம் தேடி எறக்கறீங்க!" ஆனாலும் டிராக்டரை அவரே ஓட்டி வந்து படத்தில் தலையைக் காட்டினார்.

முந்நூறு பிரதிகளும் தீர்ந்துகொண்டிருந்தன. இரண்டாம் பதிப்பில் கதையையும் மாற்றிவிடுவது என்று லோகேஸ்வரி முடிவெடுத்தாள். தன் புத்தகம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. புனிதன் ஒத்துக்கொள்ளவில்லை.

"அதுல கைய வைக்காத."

"அது நடக்காததுண்ணே."

"இருக்கட்டும். தோட்டத்துல நாலு பேரு படிச்சிட்டு, கோவக்கார ஆளுன்னு என்னைய மரியாதையா பாக்கறாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீ அத்தன வருசம் அப்படித்தானே நெனச்சிக்கிட்டு இருந்த? அதுவும் நடந்ததுதானே?"

அவள் பழைய கதையை அப்படியே விட்டுவிட்டாள். அதற்கு அடுத்து, வேலியோரம் நின்றவனின் கதையை எழுதிச் சேர்த்தாள்.

பதினான்கு நிமிடப் படத்தைச் சுவா பொதுமண்டபத்தில் ஒரு மத்தியானம், சன்னல்களுக்குப் பழைய போர்வைகளைக் கட்டிவிட்டுத் திரையிட்டார்கள். அறுபது பேர் வந்திருந்தார்கள். டிராக்டரில் மணியம் வந்தபோது விசில் பறந்தது. வேலிக் காட்சியில் ஒரு சத்தமும் இல்லை.

படம் முடிந்ததும் புத்தக மேசையைச் சுற்றிக் கூட்டம் கூடியது. ஒரு பெண் புத்தகத்தை விரித்துக் கையெழுத்துக் கேட்டாள். லோகேஸ்வரி பேனாவை எடுப்பதற்குள் புனிதன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, புத்தகத்தை வாங்கிக்கொண்டார். நாக்கைக் கடித்தபடி ஒவ்வொரு எழுத்தாக, 'பு னி த ன்' என்று பக்கம் முழுக்கப் பெரிதாக எழுதினார்.

"அண்ணே, எழுதுனது நானு," என்றாள் அவள்.

"தெரியும்லா. கீழ ஓரமா எடம் விட்டுருக்கேன் பாரு."

அவர் விட்டிருந்த அந்தச் சின்ன இடத்தில் அவள் தன் பெயரை எழுதி, புத்தகத்தை அந்தப் பெண்ணிடம் கொடுத்தாள். அதற்குள் அவர் அடுத்த பிரதியைத் திறந்திருந்தார்.